என் பெயரில் போனவள்

ஆத்தா, அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ கத்துவாய், நான் கட் பண்ணிவிடுவேன், அப்புறம் நீ சென்னையிலும் நான் கோம்பையிலுமாக இரண்டு பேரும் சாப்பிடாமல் படுப்போம். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். பத்தாவதோடு நின்ற கை, எழுத்து முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. மலையில் மழை கொட்டுகிறது என்று இன்றைக்கு ஜீப் கிளம்பவில்லை. இல்லாவிட்டால் இந்த நேரத்துக்கு நான் ஏலக்காய்ச் செடிக்கு அடியில் குனிந்துகொண்டிருப்பேன். வேலை இல்லாத நாளில்தான் இடுப்பு வலிப்பதே தெரிகிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். "ஏம்மா இப்படிச் செஞ்ச?" நான் வாயைத் திறப்பதற்குள், "நீயே இப்படின்னா நான் படிச்சு என்னத்தக் கிழிக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு ஒரு செய்தி மட்டும் வந்தது. மதுரையில் உனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், அவரை அனுப்பிவைக்கிறாய், ஆஸ்பத்திரி வேலையெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார் என்று. அதைப் பற்றிக் கடைசியில் பேசலாம். முதலில் உன் 'ஏன்'. ஊர் ஊராகப் போய் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் அந்தக் கேள்வியைப் பொறுமையாகக் கேட்கிறவள், பெற்றவள் பதில் சொல்வதற்கு மட்டும் நேரம் தரவில்லை. பரவாயில்லை. உனக்கும் அலுப்புத்தானே.

நீ பார்க்கிற வேலையை ஊரில் சொல்ல எனக்கு இன்னும் ஒழுங்காக வராது. "டாக்டரா?" என்கிறார்கள். இல்லை என்றால் "நர்ஸா?" என்கிறார்கள். வியாதியை முற்றுவதற்கு முன்னாலேயே தேடிப் பிடித்தால் குடும்பத்துக்கு என்ன மிச்சம், அரசாங்கத்துக்கு என்ன மிச்சம், பரிசோதனைக்கு யார் வருகிறார்கள், வராதவர்கள் ஏன் வரவில்லை என்று பார்க்கிற ஆராய்ச்சி என்று நீ சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பிப்பேன். "அப்ப ஒங்க மக வைத்தியம் பாக்காது, கணக்குத்தான் பாக்குமாக்கும்" என்றாள் ஜீப்பில் ஒருத்தி. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் நீ ஏன் அந்தப் படிப்புக்குப் போனாய் என்று எனக்குத் தெரியாதா? உன் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதே இரண்டு கிட்னியும் கெட்ட பிறகுதான் தெரிந்தது. "ஒரு சொட்டு ரத்தத்த முன்னாலயே பாத்திருந்தா?" என்று அவரை எடுத்துக்கொண்டு போன அன்றைக்குக் கேட்டாய். அந்தக் கேள்வியைத்தான் நீ இன்றுவரை தூக்கிக்கொண்டு அலைகிறாய்.

போன வருஷம் இங்கே வந்து, கர்ப்பப்பைப் புற்று இருக்கிறதா என்று பார்க்கிற முகாமுக்கு இந்தப் பக்கத்துப் பெண்கள் ஏன் வருவதில்லை என்று தெருத் தெருவாகக் கேட்டாய். விடிவதற்கு முன்னால் ஜீப் ஏறி, கம்பமெட்டு வழியாகக் கேரளத்துத் தோட்டத்துக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்புகிறவர்களுக்குக் காலை பத்து மணி முகாமால் என்ன பிரயோஜனம் என்று நீயேதான் எழுதினாய். ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். பெண்கள் வந்தார்கள். நீ சாதித்தாய், அதை நான் எங்கேயும் சொல்வேன். நானும் போனேன். மகள் சொல்லி வைத்த முகாமுக்கு அம்மா போகாவிட்டால் ஊர் சிரிக்காதா? உன்னிடம் கேட்டேன் ஞாபகம் இருக்கிறதா, "நீ பாத்துக்கிட்டியாடி?" என்று. நேரம் இல்லை என்றாய். சரி, அது கிடக்கட்டும். என்னைப் பார்த்த டாக்டரம்மா, "கொஞ்சம் சந்தேகமா இருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி இன்னொரு டெஸ்ட் எடுத்துருங்க" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்த இரண்டாவது டெஸ்ட்டை வியாழக்கிழமை காலையில்தான் எடுப்பார்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கழன்றுகொள்கிறார்கள் என்று நீ அடிக்கடி சொல்வாய். உன் அம்மாவும் சரியாக அந்த இடத்தில்தான் கழன்றாள்.

காய் எடுப்பு மும்முரமாக இருந்த நேரம். ஜீப்பில் இடம் என்றால் பஸ் மாதிரி கிடையாது என்று உனக்குத் தெரியும். இன்னார் இடம் இன்னாருக்கு. காய்ச்சலோ விசேஷமோ, ஒருத்தி வர முடியாவிட்டால் இடத்தைக் காலியாக விடக்கூடாது, பதிலாள் அனுப்ப வேண்டும். பதிலாள் போனால் பெயர் நிற்கும். இல்லாவிட்டால் கங்காணி வேறு ஆளைப் போட்டுவிடுவார், அப்புறம் அழுது புரண்டாலும் இடம் கிடைக்காது. எங்கள் தெருவில் எல்லோருக்கும் பதிலாள் யார்? உன் அத்தை முருகாயிதான். புருஷன் விட்டுவிட்டுப் போன நாளிலிருந்து நம் வீட்டை ஒட்டிய அந்த ஒற்றை அறையில் இருக்கிறாள். அவளுக்கென்று ஜீப்பில் இடம் கிடையாது. யாருக்கு முடியவில்லையோ அவர்கள் இடத்தில் உட்காருவாள். கலியாண வீட்டில் யார் வர முடியவில்லையோ அவர்களுக்குப் பதில் காய் நறுக்குவாள். நீ வைத்த ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கும் அவள் வரவில்லை. அன்றைக்கு உத்தமபாளையத்தில் ஒரு பிள்ளைக்குப் பிரசவம், அதன் அம்மாவால் வர முடியவில்லை என்று இவள் போய்த் துணைக்கு உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சிஸ்டர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனுஷி. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நான் தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் அவருக்கே பொறுமை போய், "இந்த வாரமும் வரலைன்னா உங்க பேர எடுத்துருவோம்மா" என்றார். பெயரை எடுத்துவிடுவோம் என்றதும் எனக்கு ஜீப்தான் ஞாபகத்துக்கு வந்தது. காலம் பூராவும் எதைக் கண்டு பயந்தோமோ அதுதானே சட்டென்று வரும். முருகாயியைக் கூப்பிட்டேன். "இந்தா, வியாழக்கெழம இந்தச் சீட்டக் கொண்டுபோயி அங்கன காட்டு. காய் எடுப்பு முடிஞ்சதும் அவுக வருவாகன்னு சொல்லிட்டு வந்துரு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். என் ஆதாரையும் கேட்டால் காட்டு என்று கொடுத்தேன். அதில் இருக்கிற போட்டோவில் நானும் அவளும் மட்டுமா, இந்தத் தெருவில் எல்லோரும் ஒரே மாதிரிதான் இருக்கிறோம்.

இப்போது நீ கேட்பாய், உன்னை எனக்குத் தெரியும். அத்தையை ஜீப்புக்கு அனுப்பிவிட்டு நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்பாய். அதுதானே உலக வழக்கம். நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் இருப்பது ஒரே பதில்தான். எனக்கு மலை சுலபம், அந்த பெஞ்சு கஷ்டம்.

உன் அப்பாவுக்கு டயாலிசிஸ் போட்ட வருஷங்களில் நீ ஹாஸ்டலில் இருந்தாய். ஒரு நாள் நான் போவேன், ஒரு நாள் முருகாயி போவாள். இருட்டோடு பஸ் ஏறி, சீட்டுப் போட்டு, அவரை உள்ளே விட்டுவிட்டு அந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். எந்நேரம் கூப்பிடுவார்கள் என்று தெரியாது. டீ குடிக்க எழுந்தால் இடம் போய்விடும். துண்டைப் போட்டுவிட்டுப் போனால் துண்டோடு தள்ளிவைத்துவிடுவார்கள். யாரையும் குறை சொல்லவில்லை, எல்லோரும் நம்மைப் போல வந்தவர்கள்தானே. அங்கே இருந்தவர்களுக்கு நானும் முருகாயியும் ஒரே ஆள்தான். "சம்சாரம் வந்திருக்காகளா?" என்று கேட்டால் அன்றைக்கு யார் இருக்கிறோமோ அவள் எழுந்து போவோம். அவளும் "ஆமா" என்பாள். கூடப்பிறந்தவள் என்று விளக்கிக்கொண்டிருக்க யாருக்குத் தெம்பு? அந்தப் பழக்கம்தான் ஆத்தா எங்களைக் கெடுத்தது. துணைக்கு உட்காருகிற ஆள் மாறலாம், நோயாளி மாற முடியாது. இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் இத்தனை வருஷம் மாறி மாறி உட்கார்ந்து, எங்கள் இரண்டு பேருக்கும் அது மறந்துபோயிருந்தது.

உன் அப்பா போன பிறகு அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பயம் இல்லை. உன் கேள்வித்தாளில் வராததற்குக் காரணம் என்று கட்டங்கள் போட்டிருந்தாயே, தெரியாது, பயம், கூச்சம், தூரம், செலவு என்று. என்னை எதில் போடுவாய்? எனக்குத் தெரியும், நீ தொண்டை வறளச் சொல்லியிருக்கிறாய். கூச்சப்படுகிற வயதும் தாண்டிவிட்டது. தூரம் பஸ்ஸில் போகிற தூரம்தான், செலவும் அரசாங்க ஆஸ்பத்திரியில் பெரிதாக ஒன்றும் இல்லை. எனக்கு இருந்தது அலுப்பு. வெறும் அலுப்பு. இன்னொரு தடவை அந்த பெஞ்சில் உட்கார என் உடம்பு கேட்கவில்லை. இதைச் சொன்னால் சோம்பேறித்தனம் என்பார்கள் என்று எவளும் வாயைத் திறக்க மாட்டாள், 'வேலை இருந்துச்சு' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அடுத்த தடவை கேள்வித்தாள் போடும்போது அலுப்புக்கும் ஒரு கட்டம் போடு. அதற்கு என்ன மருந்து என்று எனக்குத் தெரியாது. நீ படித்தவள், நீ யோசி.

முருகாயி போனாள். அவளிடம் ஒரு குணம் உண்டே, யார் எதைச் சொன்னாலும் செய்துவிடுவாள். சாயங்காலம் வந்து நிற்கிறாள், சீட்டு இல்லாமல். "சீட்ட எங்கடி?" என்றேன். "அவுகளே வாங்கிக்கிட்டாக மதினி. உங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டாக, போனேன். ஏறிப் படுங்கன்னாக, படுத்தேன். சுருக்குனு ஒரு வலி, அம்புட்டுத்தான். உங்க வேலைய முடிச்சுக் குடுத்துட்டேன், இனிமே உங்களுக்கு அலைச்சல் இல்ல" என்கிறாள். "அடி கூறுகெட்டவளே, சொல்லிட்டு வான்னா படுத்துட்டா வருவ?" என்று தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். இரண்டு பேருமாகச் சிரித்துத் தீர்த்தோம். சரி, இவளுக்கு என்ன இருக்கப்போகிறது, நல்லபடியாக ரிசல்ட் வரும், சிஸ்டர் போன் பண்ணுவதை நிறுத்துவார், காய் எடுப்பு முடிந்து நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

முகாமில் என் நம்பரைக் கொடுத்திருந்தாலும், பகலில் மலையில் சிக்னல் கிடைக்காது என்று ரிசல்ட் சொல்வதற்குச் சீட்டில் உன் நம்பரைத்தான் எழுதியிருந்தேன். அதனால் ரிசல்ட் உனக்கு வந்தது. நீ எனக்குக் கூப்பிட்ட நேரத்தில் ஜீப் மெட்டு இறங்கிக்கொண்டிருந்தது. சிக்னல் பிடித்ததும் போன் அலறுகிறது. எடுத்தால் நீ அழுகிறாய். "அம்மா, பயப்படாம கேளு, ஆரம்பத்துலயே இருக்காம், சரியாக்கிரலாமாம், நீ நாளைக்கே கெளம்பு" என்று விக்கி விக்கிச் சொல்கிறாய். எனக்கு ஒரு கணம் என் உயிர்தான் போயிற்று. அடுத்த கணம் ஞாபகம் வந்தது, படுத்தது நான் இல்லையே என்று. திரும்பிப் பார்த்தேன். அன்றைக்கு வேறு ஒருத்திக்குப் பதிலாள் வந்திருந்தாள் முருகாயி. என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். ஒவ்வொரு வளைவுக்கும் அவள் தலை என் மேல் இடிக்கிறது. ஜீப் நிறையப் பெண்கள். நான் என்ன பேசுவேன்? "சரி, வீட்டுக்குப் போய்ப் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். கம்பம் வரை அவள் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டே வந்தேன் ஆத்தா. எனக்கு இல்லை என்று ஒரு மூச்சு விட்டேனே, அந்த மூச்சை நினைத்தால் இன்னும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உனக்குப் போன் பண்ணி, அது நான் இல்லை, உன் அத்தை என்றேன். அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். நீ வைத்த பிறகு அவள் அறைக்குப் போனேன். உலை வைத்திருந்தாள். "முருகாயி, உன் ரிசல்ட்டு வந்திருக்கு" என்றேன். "என் ரிசல்ட்டா? அது உங்களுதுதான மதினி" என்றாள். "பேருதான்டி என்னுது. படுத்தது நீதான்." அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள். எனக்குச் சொல்ல வரவில்லை, சுற்றி வளைத்துச் சொன்னேன். புரிந்துகொண்டாள். முதலில் அவள் கேட்டது என்ன தெரியுமா? "அப்ப உங்களுக்கு ஒண்ணும் இல்லல்ல மதினி?" எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளை அறைந்திருப்பேன். "எனக்குத் தெரியாதுடி, என்னைய இன்னும் பாக்கவே இல்லையே!" என்று கத்திவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். உலை பொங்கி அடுப்பு அணைந்தது. எழுந்து பார்க்க இரண்டு பேருக்கும் தெம்பில்லை.

வியாழக்கிழமை வரை காத்திருக்கவில்லை. நேற்று இரண்டு பேரும் போனோம். சிஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும், "ஏம்மா, இது ரேஷன் கடையா, ஆள மாத்தி அனுப்புறதுக்கு? நாங்க உங்களுக்கு ஆபரேஷன் பண்ணிருந்தா என்னாகுறது?" என்று பிடித்துக்கொண்டார். வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் திட்டினதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. திட்டிவிட்டு, அவரே எங்களைச் சீட்டுப் போடுகிற ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே இருந்தவர் நிமிராமல், "பேரு?" என்றார். முருகாயி என் பெயரைச் சொன்னாள். பழக்கம்! விலாவில் இடித்தேன். "உம் பேரச் சொல்லுடி." அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் ஜன்னல் பக்கம் குனிந்து, சாமி சன்னிதியில் சொல்கிற மாதிரி மெதுவாக, "முருகாயி" என்றாள். அவர் காது கேட்காமல் இன்னொரு தடவை கேட்டார். இரண்டாவது தடவை சத்தமாகவே சொன்னாள்.

டாக்டரம்மா அவளை மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். ஆரம்ப நிலைதான், ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், ஆனால் தள்ளிப் போடக் கூடாது என்கிறார். அடுத்த வாரம் சேரச் சொல்லியிருக்கிறார். இப்போது அவளுக்கு அட்டை, சீட்டு எல்லாமே அவள் பெயரில். வியாழக்கிழமை இல்லை என்று திருப்பி அனுப்பாமல் என்னையும் பார்த்தார். டெஸ்ட்டுக்குச் சதை எடுத்திருக்கிறார்கள். ரிசல்ட் வர நாளாகும். இந்தத் தடவை உன் நம்பரைக் கொடுக்கவில்லை, என் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறேன். நல்லதோ கெட்டதோ என் காதாலேயே கேட்டுக்கொள்கிறேன். நீ ஒரு காரியம் செய். உன் ஆராய்ச்சியில் நான் வந்தவர்கள் பக்கம் இருப்பேன். அதை அழித்து வராதவர்கள் பக்கம் போடு. முருகாயி உன் பேப்பரில் எந்தப் பக்கமும் இருக்க மாட்டாள். அவளுக்கு ஒரு இடம் கண்டுபிடி. ஒரு பைத்தியக்காரத் தவறால் அவள் வியாதி தெரிந்துபோனதை ஊரில் எல்லோரும் ஆண்டவன் செயல் என்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல நாக்கு வரவில்லை. நான் சொன்னதை மட்டும் அவள் அங்கே சொல்லிவிட்டுத் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கத்தான் வருகிறது.

நேற்று ஜீப்பில் என் இடம் காலியாகத்தான் போயிற்று. அனுப்ப ஆள் இல்லை. வழக்கமாக அனுப்புகிற ஆள் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தாள். கங்காணி என்ன செய்வாரோ, செய்துகொள்ளட்டும். அந்த இடத்துக்குப் பயந்து பயந்து இருந்தது போதும்.

இப்போது உன் மதுரைக்காரர் விஷயம். அவர் நல்லவராகவே இருக்கட்டும், எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்க்கட்டும், காரிலேயே வந்து இறங்கட்டும். வேண்டாம் ஆத்தா. உன் அப்பா கிடந்தபோது உனக்குப் பரீட்சை, வராதே என்று நான்தான் சொன்னேன். இந்தத் தடவை அப்படிச் சொல்ல மாட்டேன். உன் அத்தை தன் பெயரில் படுக்கப்போகிறாள், ஆயுசில் இதுதான் முதல் தடவை. அந்த பெஞ்சில் என் பக்கத்தில் துண்டு போட்டு ஒரு இடம் பிடித்துவைக்கிறேன். யார் தள்ளினாலும் விடமாட்டேன். நீயே வந்து உட்கார். பதிலாள் அனுப்பாதே.